ஜெர்மனிக்குப் போக அவுஸ்பில்டுங்கா, நேரடி வேலையா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஸ்டுட்கார்ட் அருகே ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, அங்கேயே மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, தகுதி அங்கீகாரம் வாங்கும் வழியில் இங்கே வந்தேன். என் தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து, மூன்றரை வருடம் எலெக்ட்ரீஷியன் பயிற்சி எடுத்தான். ஒரே வீட்டில் இரண்டு வழியும் இருப்பதால், ஊரில் யாராவது "ஜெர்மனி" என்று வாயெடுத்தால் எங்கள் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். நைட் டூட்டி முடிந்து வந்து போனைப் பார்த்தால் நாலைந்து குரல் பதிவுகள் காத்திருக்கும். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தொகைகள் எல்லாம் 2025இல் இருந்தவை. வருடா வருடம் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் சமயத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, அவுஸ்பில்டுங்னா என்ன? படிப்பா, வேலையா?

இரண்டும்தான். ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, அங்கே கைவேலை கற்றுக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் போவீர்கள். பள்ளி சில இடங்களில் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் இருக்கும், சில இடங்களில் வாரக்கணக்கில் மொத்தமாக வைப்பார்கள். படிப்புக்குக் கட்டணம் கட்டுவதற்குப் பதில் மாதாமாதம் உதவித்தொகை வரும். இப்படி முறைப்படுத்தப்பட்ட தொழில்கள் 320க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை மூன்று வருடம். மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்தது), எலெக்ட்ரீஷியன் போன்றவை மூன்றரை.

நர்சிங்குக்குத் தனிச் சட்டம். 2020 ஜனவரி முதல் குழந்தைகள் நர்சிங், பொது நர்சிங், முதியோர் பராமரிப்பு மூன்றையும் ஒன்றாக்கி ஒரே பயிற்சியாக மாற்றிவிட்டார்கள். வகுப்பில் 2,100 மணி நேரம், வார்டிலும் இல்லத்திலும் 2,500 மணி நேரம். கடைசியில் அரசுத் தேர்வு. அதில் தேறியபின் கிடைக்கும் சான்றிதழ் ஜெர்மன் சான்றிதழ் என்பதால் அதை யாரும் திரும்ப மதிப்பிட வேண்டியதில்லை.

அப்போ "டைரக்ட் ஜாப்"னு சொல்றது என்ன?

உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது, அதை ஜெர்மனி ஏற்றுக்கொள்கிறது, அதனால் தகுதியுள்ள பணியாளராகவே உள்ளே வருகிறீர்கள் என்று அர்த்தம். இதில் முக்கியமான சொல் "அனர்கென்னுங்", அதாவது தகுதி அங்கீகாரம். நர்ஸ், டாக்டர், பிசியோதெரபிஸ்ட் போன்ற தொழில்களில் இது இல்லாமல் அந்தப் பட்டத்தோடு வேலை பார்க்க முடியாது. ஐ.டி., மெக்கானிக், சமையல் போன்றவற்றில் வேலை செய்யவே இது கட்டாயம் என்றில்லை. ஆனால் விசாவுக்குப் பெரும்பாலும் இதுவோ இதற்கு இணையான ஒன்றோ தேவைப்படும்.

ஆகவே "எது நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது? கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

பிளஸ் டூ மட்டும்தான் படிச்சிருக்கேன். பேக்கிங், கேர்டேக்கர் வேலைக்கு டைரக்ட் விசா இருக்காமே?

தயவுசெய்து நம்பாதீர்கள். முறையான தொழில் தகுதி எதுவும் இல்லாத ஒருவரை இந்தியாவிலிருந்து குடோனில் பெட்டி கட்டவோ, வீட்டில் பாட்டியைப் பார்த்துக்கொள்ளவோ கூட்டிவரும் வழக்கமான வேலை விசா ஜெர்மனியில் கிடையாது. அப்படிச் சொல்பவர் கடைசியில் உங்களைச் சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுவார், இல்லையென்றால் வேறொரு நாட்டில் இறக்கிவிடுவார்.

பிளஸ் டூவோடு வர நினைப்பவருக்கு அவுஸ்பில்டுங்தான் நேர்மையான வழி. அது நல்ல வழியும்கூட. என் தம்பி அப்படி வந்தவன்தான்.

மாசம் கையில் எவ்வளவு நிக்கும்?

பயிற்சி என்றால்: பொதுத்துறை ஊதிய ஒப்பந்தத்தின்படி சம்பளம் தரும் மருத்துவமனைகளில் 2025 ஏப்ரல் முதல் நர்சிங் பயிற்சியாளருக்கு முதல் வருடம் மாதம் சுமார் 1,415 யூரோ, இரண்டாம் வருடம் 1,477, மூன்றாம் வருடம் 1,578. எல்லாத் தொழிலுக்கும் இப்படி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். சாதாரணத் தொழிற்பயிற்சிகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் அடிமட்டம் 2025இல் தொடங்குபவருக்கு முதல் வருடம் 682 யூரோதான். உதவித்தொகை செலவுக்குப் போதாது என்றால், மீதிக்குப் பணம் இருப்பதை விசா சமயத்திலேயே காட்டச் சொல்வார்கள்.

ஒப்பந்தத்தில் இருப்பது "புருட்டோ", கைக்கு வருவது "நெட்டோ". என் தம்பி முதல் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பென்சிலால் ஒவ்வொரு பிடித்தமாக வட்டமிட்டுக் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு என்று நான்கும் சேர்ந்தே ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிடும். 1,415இல் கைக்கு வருவது ஏறக்குறைய 1,100. அறை வாடகை 400, உள்ளூர், வட்டார ரயில் பஸ்ஸுக்கான மாதச் சீட்டு 2025இல் 58, வீட்டுக்கு வீடு கட்ட வேண்டிய ஒளிபரப்புக் கட்டணம் 18.36, போன், சாப்பாடு. சிக்கனமாக இருந்தால் 300 மிஞ்சும். ஊரில் கடன் வாங்கி வந்தவருக்கு அந்த 300 தவணைக்கே போய்விடும்.

நேரடி வழி என்றால்: முதியோர் இல்லங்களில் 2025 ஜூலை முதல் குறைந்தபட்ச மணிக்கூலி உதவியாளருக்கு 16.10 யூரோ, முழுத் தகுதி பெற்ற நர்ஸுக்கு 20.50. வாரம் 39 மணி நேரம் என்றால் மாதம் ஏறக்குறைய 169 மணி நேரம். அங்கீகாரம் வரும்வரை உதவியாளராக 2,700 யூரோ அளவிலும், வந்தபின் 3,400க்கு மேலும் புருட்டோ வரும். திருமணமாகாதவரின் கைக்கு முறையே 1,900, 2,300 அளவில் கிடைக்கும்.

ஜெர்மன் ஏ2 போதும்னு ஒரு சென்டர்ல சொன்னாங்க. நிஜமா?

ஜெர்மன் மொழித் தேர்வு நிலைகள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும். அவுஸ்பில்டுங் விசாவுக்குப் பொதுவான விதி பி1. நர்சிங் பள்ளிகள் பல பி2 கேட்கின்றன, அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. நேரடி வழியில் நர்ஸுக்கு அங்கீகாரப் பத்திரம் கையில் கிடைக்கவே பி2 வேண்டும். ஏ2 என்பது 2024 மார்ச்சில் வந்த "அங்கீகாரக் கூட்டாண்மை" என்ற தனி விசாவில் இருக்கிறது: ஏ2வோடு வந்து, வேலை பார்த்துக்கொண்டே இங்கிருந்து அங்கீகாரத்தை முடிக்கலாம். ஆனால் அதற்கு உங்களிடம் முன்பே ஒரு தொழில் தகுதி இருக்க வேண்டும். சென்டர்காரர்கள் இதை அவுஸ்பில்டுங்கோடு சேர்த்துக் குழப்புகிறார்கள்.

விசாவுக்கு எவ்வளவு என்பது ஒன்று, வார்டில் எவ்வளவு என்பது வேறு. நான் வந்த புதிதில் ஒரு தாத்தா குளிருக்கு "டெப்பிஷ்" கேட்டார். பாடப்புத்தகத்தில் அதற்குத் தரைவிரிப்பு என்று பொருள். நானும் அறை முழுக்கத் தரையைப் பார்த்தேன். அவரோ நடுங்கிக்கொண்டே கட்டிலின் கால்மாட்டைக் காட்டினார். இந்தப் பக்கத்து ஸ்வேபியன் பேச்சில் போர்வைக்கே அந்தப் பெயர் என்று அன்றுதான் தெரிந்தது. பி2 சான்றிதழ் அப்போது என் பையில்தான் இருந்தது. காலை ஆறு மணிக்கு, ராத்திரி ஷிப்ட் நர்ஸ் முப்பது நோயாளிகளைப் பற்றி மளமளவென்று சொல்லிக்கொண்டே போகும்போது, பி1இல் இருக்கும் பிள்ளைகள் மிரண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. எந்த வழியில் வந்தாலும் பி2 முடித்துவிட்டு வாருங்கள். கூடுதலாக ஆகும் நாலைந்து மாதம் வீண் போகாது.

அக்கா, நான் பி.எஸ்சி. நர்சிங், ரெண்டு வருஷம் அனுபவம். ஏஜென்சில அவுஸ்பில்டுங்தான் சேஃப்னு சொல்றாங்க. போகட்டுமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஒவ்வொரு முறையும் வருத்தத்தோடு பதில் சொல்கிறேன். நான்கு வருடம் படித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, ஐ.சி.யு.வில் வேலை பார்த்த பெண் இங்கே வந்து பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி என்று முதலிலிருந்து படிக்கிறாள். நான் இப்போது பயிற்சி நர்ஸ்களுக்கு வார்டில் வழிகாட்டியாகவும் இருக்கிறேன். அப்படிப்பட்ட மூன்று பேர் என் கையால் பயிற்சி ஏட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியிடம் "ஏன் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கவில்லை?" என்று கேட்டேன். "அப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் சொல்லலைக்கா" என்றாள்.

அங்கீகார வழி இப்படிப் போகும். பட்டம், பாட வாரியாக மணி நேரம் போட்ட மதிப்பெண் பட்டியல், கவுன்சில் பதிவு, அனுபவச் சான்று எல்லாவற்றையும் முறையாக மொழிபெயர்த்து, நீங்கள் வேலை பார்க்கப்போகும் மாநிலத்தின் அலுவலகத்துக்கு அனுப்புகிறீர்கள். அவர்கள் ஜெர்மன் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு எங்கே குறை இருக்கிறது என்று கடிதம் தருவார்கள். முதியோர் பராமரிப்பு போன்றவற்றில் நம் படிப்பில் மணி நேரம் குறைவு என்று பெரும்பாலும் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தக் கடிதத்தை வைத்தே விசா வாங்கி இங்கே வந்து, சில மாதம் ஈடுசெய்யும் பயிற்சி எடுக்கலாம், அல்லது "கென்ட்னிஸ்ப்ரூஃபுங்" என்ற தேர்வு எழுதலாம். அதில் வாய்மொழித் தேர்வும், வார்டில் நோயாளியைக் கவனித்துக் காட்டும் செய்முறையும் உண்டு. தவறினால் இன்னொரு வாய்ப்பு தருவார்கள்.

பணக் கணக்கும் பார்த்துவிடுங்கள். மேலே சொன்ன தொகைகளை வைத்து மூன்று வருடத்துக்குக் கூட்டினால், பயிற்சியில் கைக்கு வருவது ஏறக்குறைய 42,000 யூரோ. அங்கீகார வழியில் முதல் வருடம் உதவியாளர் சம்பளம், மீதி இரண்டு வருடம் நர்ஸ் சம்பளம் என்று வைத்தால் 78,000 வருகிறது. ஒரு யூரோவை வெறும் 100 ரூபாய் என்று போட்டாலே வித்தியாசம் 36 லட்சம். பிறகு ஏன் ஏஜென்சி அவுஸ்பில்டுங்கைத் தள்ளுகிறது? காகித வேலை குறைவு, பி1லேயே அனுப்பிவிடலாம், காலி இடங்களும் நிறைய இருக்கின்றன. அவர்களுக்குச் சுலபமான வழி அது.

எல்லா நர்ஸுக்கும் அங்கீகார வழியேதான் என்றும் சொல்ல மாட்டேன். படித்த கல்லூரி மூடிப்போய் மணி நேரப் பட்டியல் வாங்கவே முடியவில்லை, படித்து முடித்துப் பத்து வருடமாக வார்டு பக்கமே போகவில்லை, அல்லது இரண்டு வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு) மட்டும் படித்திருக்கிறீர்கள் என்றால், முதலிலிருந்து கற்பது உங்களுக்குத் தைரியம் தரும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் வந்தாலும் இங்கே நர்ஸ்தான் நோயாளியைக் குளிப்பாட்டி, உணவூட்டி, கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும். நம் ஊரில் அட்டெண்டரும் வீட்டு ஆட்களும் செய்வதை இங்கே நாம் செய்கிறோம். ஊசி ஏற்றுவதை டாக்டரே செய்யும் வார்டுகளும் உண்டு. "இதுக்கா இவ்ளோ படிச்சேன்?" என்று முதல் மாதம் அழுதவர்களை நான் தேற்றியிருக்கிறேன். தெரிந்துகொண்டு வந்தால் அந்த அழுகை இருக்காது.

நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர், நாலு வருஷம் கம்பெனி அனுபவம். எனக்கு?

உங்களுக்கு இரண்டு கதவுமே திறந்திருக்கின்றன. தொழிற்சாலைத் தொழில்களுக்கான அங்கீகாரத்தை நியூரம்பெர்க்கில் உள்ள ஐ.ஹா.கா. ஃபோஸா என்ற அலுவலகம் பார்க்கிறது. எலெக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற கைவினைத் தொழில்களுக்கு அந்தந்த ஊரின் கைவினைஞர் சபை. முழு இணை, பகுதி இணை என்று முடிவு வரும். பகுதி என்றாலும் வீணில்லை. எது குறை என்று எழுதித் தருவார்கள், அதை இங்கே வந்து நிரப்பலாம்.

2024 மார்ச் முதல் இன்னொரு வழியும் வந்திருக்கிறது. சொந்த நாட்டு அரசு ஏற்ற, குறைந்தது இரண்டு வருடத் தொழிற்படிப்பு, கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவம் இவை இருந்தால், ஜெர்மன் அங்கீகாரம் இல்லாமலே வேலை விசா கிடைக்கும். இதற்கு 2025இல் ஆண்டுச் சம்பளம் 43,470 யூரோ வேண்டியிருந்தது. தொழிற்சங்கத்தோடு போட்ட ஊதிய ஒப்பந்தப்படி சம்பளம் தரும் நிறுவனம் என்றால் அதற்குக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. நர்சிங் போன்ற, அங்கீகாரம் கட்டாயமான தொழில்களுக்கு இந்த வழி பொருந்தாது. ஒரு வருட ஐ.டி.ஐ. படித்தவருக்கும் பொருந்தாது. அவர்களுக்கு அவுஸ்பில்டுங்தான் சரி.

பி.இ. மெக்கானிக்கல் முடிச்சு சும்மா இருக்கேன். அவுஸ்பில்டுங் போனா டிகிரி வேஸ்ட் ஆகிடுமா?

டிகிரி எங்கும் போய்விடாது. முதலில் உங்கள் பல்கலைக்கழகம் அனபின் என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் எப்படி மதிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். படித்து முடித்து மூன்று வருடத்துக்குள் இருப்பவருக்கும், ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கும் நீல அட்டை என்ற பட்டதாரிகளுக்கான வேலை விசாவின் ஆண்டுச் சம்பள வரம்பு 2025இல் 43,759.80 யூரோவாக இருந்தது. விண்ணப்பிக்கும் சமயத்து வரம்பை எட்டும் சம்பளத்துக்கு ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டால் அவுஸ்பில்டுங்கை நினைக்கவே வேண்டாம்.

ஆனால் அனுபவமும் ஜெர்மன் மொழியும் இல்லாத பி.இ. பட்டதாரியை இங்கிருந்து கூப்பிட்டு எடுக்கும் நிறுவனம் அபூர்வம். இரண்டு வருடம் ஊரில் துறை சார்ந்த வேலை பார்த்துக்கொண்டே பி2 முடியுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. கையால் வேலை செய்வதில் உங்களுக்கு உண்மையான விருப்பம் இருந்தால் மெக்கட்ரானிக்ஸ் பயிற்சி நல்ல தேர்வு. இங்கே நிறுவனங்கள் அந்தச் சான்றிதழை மிகவும் மதிக்கின்றன. வேலை கிடைக்காத வெறுப்பில் மட்டும் அதில் சேராதீர்கள். மூன்றரை வருடம் நீளமானது.

வயசு 33 ஆச்சு. அவுஸ்பில்டுங்குக்கு 30க்கு மேல எடுக்க மாட்டாங்களாமே?

ஒப்பந்தம் கையில் இருந்தால் சட்டத்தில் மேல் வரம்பு இல்லை. 35 என்று கேள்விப்படுவது, பயிற்சி இடம் தேடுவதற்காக மட்டும் தரும் ஒன்பது மாத விசாவுக்கானது. நிறுவனங்கள் இளையவர்களை விரும்பலாம், அது வேறு விஷயம். என் பிரிவில் 40 வயதைத் தாண்டிய பயிற்சியாளர்கள் இருந்திருக்கிறார்கள்.

நேரடி வழியில் 45 வயது ஒரு கோடு. அதற்கு மேல் முதல்முறை வருபவருக்குக் குறிப்பிட்ட அளவு ஆண்டுச் சம்பளம் (2025இல் அது 53,130 யூரோ) இருக்க வேண்டும், அல்லது முதுமைக்குப் போதிய ஓய்வூதிய ஏற்பாடு இருப்பதைக் காட்ட வேண்டும்.

கல்யாணம் ஆகி மூணு வயசுல பொண்ணு இருக்கா. கூட்டிட்டு வர முடியுமா?

பயிற்சி விசாவில் குடும்பம் வரக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் போதுமான வருமானமும் வீடும் காட்ட வேண்டும். 1,100 யூரோவில் அது நடக்காது. ஆகவே மூன்று வருடப் பிரிவு என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். லீவு வருடத்துக்கு ஐந்தாறு வாரம். அதில் ஒருமுறை ஊருக்குப் போய் வரலாம்.

தகுதியுள்ள பணியாளர் விசாவில் வந்தால் கணவரும் குழந்தையும் வரலாம், கணவர் இங்கே வேலையும் பார்க்கலாம். சின்னக் குழந்தை உள்ள நர்ஸ்களிடம் அங்கீகார வழியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குப் பணத்தைவிட இதுதான் காரணம். என் வார்டில் ஒரு பயிற்சி நர்ஸ் தினமும் மதியம் இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து, ஊரில் பள்ளிவிட்டு வந்த மகளோடு வீடியோவில் பேசுவாள். அரை மணி நேரம் முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். அவளும் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள்தான்.

மேடம், என் பொண்ணுக்கு ஏஜென்சில ஆறு லட்சம் கேக்குறாங்க. இது நியாயமான தொகைதானா?

இல்லை ஐயா. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற முகவர் இந்திய விதிப்படி வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஜெர்மன் சட்டமோ, பயிற்சி இடம் பிடித்துக் கொடுப்பதற்கான கூலியை நிறுவனத்திடம் மட்டுமே வாங்கலாம் என்கிறது. நர்ஸ்களை எடுக்கும் நல்ல மருத்துவமனைகள் மொழிப் படிப்பு, அங்கீகாரக் கட்டணம், டிக்கெட் எல்லாவற்றையும் தாங்களே ஏற்கின்றன.

உங்களிடம் ஆறு லட்சம் கேட்பவர் "கன்சல்டன்சி", "பேக்கேஜ்" என்று பெயர் மாற்றியிருப்பார். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஜெர்மன் வகுப்பு, தேர்வுக் கட்டணம், மொழிபெயர்ப்பு இவை நியாயமான செலவு. விசாக் கட்டணம் 75 யூரோதான். முகவரின் பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை அங்கே போய் விசாரியுங்கள்.

ஒப்பந்தத்துல "படிப்பு முடிஞ்சதும் மூணு வருஷம் இங்கயே வேலை பாக்கணும், இல்லன்னா 10,000 யூரோ கட்டணும்"னு இருக்கு. கையெழுத்து போடலாமா?

அவுஸ்பில்டுங் ஒப்பந்தம் என்றால் அப்படி ஒரு வரி செல்லாது. தொழிற்கல்விச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பயிற்சிக்குப் பிறகு என்ன என்று பயிற்சியின் கடைசி ஆறு மாதத்தில் மட்டும்தான் ஒப்பந்தம் போடலாம். பயிற்சிக்காகப் பணம் கேட்பதும் அபராதம் விதிப்பதும் செல்லாது. நர்சிங் சட்டத்திலும் இதே மாதிரி பாதுகாப்பு உண்டு.

நேரடி வேலையில் இது சிக்கல். மொழி வகுப்புக்கும் அங்கீகாரத்துக்கும் செலவு செய்த நிறுவனம், இத்தனை மாதத்துக்குள் விலகினால் இவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று போடுவது நடைமுறையில் இருக்கிறது. மாதம் ஆக ஆகத் தொகை குறைந்துகொண்டே வருகிறதா, அவர்களே வேலையைவிட்டு நீக்கினாலும் கேட்பார்களா என்று பாருங்கள். குறையாத தொகை, கணக்கு இல்லாத தொகை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தின் ஜெர்மன் மூலத்தை ஜெர்மன் தெரிந்த, அந்த ஏஜென்சிக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டுங்கள்.

நடுவுல கம்பெனி வெளிய அனுப்பிட்டா உடனே ஊருக்குத் திரும்பணுமா?

நர்சிங் பயிற்சியில் முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். மற்றத் தொழில்களில் ஒன்று முதல் நான்கு மாதம். அந்தச் சமயத்தில் இரண்டு தரப்பும் காரணம் சொல்லாமலே விலகலாம். அதைத் தாண்டிவிட்டால் கடுமையான காரணம் இல்லாமல் நிறுவனம் உங்களை அனுப்ப முடியாது. சாதாரண வேலையைவிடப் பயிற்சியில் பாதுகாப்பு அதிகம் என்பது உண்மையே.

உங்கள் தவறு இல்லாமல் பயிற்சி நின்றுபோனால், வேறு இடம் தேட ஆறு மாதம் வரை தருவார்கள். ஆனால் விசா அந்த இடத்தோடு கட்டப்பட்டது. மாறுவதற்கு முன் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். மாறிவிட்டுச் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

அக்கா, பி.எஸ்சி. முடிச்சுட்டு ஏற்கெனவே அவுஸ்பில்டுங்ல சேந்துட்டேன். இப்போ ரெண்டாவது வருஷம். இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும். இங்கிருந்தே அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சி விசாவில் இருப்பவர், தகுதியுள்ள பணியாளர் விசாவுக்கு மாற 2024 மார்ச் முதல் சட்டம் இடம் தருகிறது. முழு அங்கீகாரம் வந்துவிட்டால் பயிற்சியை முடிக்காமலேயே நர்ஸ் வேலைக்கு மாறலாம்.

இன்னொரு வழி, பயிற்சிக் காலத்தைக் குறைப்பது. முன்பு படித்த இணையான படிப்பை, மொத்தக் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை கழித்துக்கொள்ள நர்சிங் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள். இரண்டாம் வருடத்தின் பாதியைத் தாண்டிவிட்டீர்கள் என்றால், அங்கீகாரக் கடிதம் வந்து தேர்வு எழுதுவதற்குள் பயிற்சியே முடிந்துவிடும். அப்போது முடித்துவிட்டே வெளியே வாருங்கள். எந்த நிலையிலும் புதிய விசா கையில் வருவதற்கு முன் இருக்கும் ஒப்பந்தத்தை விட்டுவிடாதீர்கள்.

பி.ஆர். எதுல சீக்கிரம் வரும்?

ஜெர்மனியில் பயிற்சி முடித்தவர், அதற்குப் பிறகு இரண்டு வருடம் தகுதியுள்ள பணியாளராக வேலை பார்த்தால் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். வெளிநாட்டுத் தகுதியோடு வந்தவருக்கு அது மூன்று வருடம், அதுவும் முழு அங்கீகாரம் வந்து பணியாளர் விசா கிடைத்த நாளிலிருந்து. நீல அட்டை என்றால் பி1 மொழியோடு 21 மாதம்.

கூட்டிப் பாருங்கள். நர்ஸுக்குப் பயிற்சி வழியில் 3+2, ஐந்து வருடம். அங்கீகார வழியில் ஒரு வருடத்தில் அங்கீகாரம் வந்தால் 1+3, நான்கு வருடம். "அவுஸ்பில்டுங் போனா பி.ஆர். ரெண்டே வருஷம்" என்ற விளம்பரம் முதல் மூன்று வருடத்தைச் சொல்லாமல் விடுகிறது.

நாங்க யாழ்ப்பாணத்தில இருக்கிறம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமோ?

ஜெர்மன் பக்கத்து விதிகள் எல்லாம் அப்படியே பொருந்தும். விசா கொழும்புத் தூதரகத்தில். முகவர் கட்டணம் பற்றி மேலே சொன்னது இந்திய விதி என்பதால் அது மட்டும் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் நாட்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முகவரின் உரிமத்தைப் பாருங்கள்.

கடைசியா ஒண்ணு. மெயில்ல ஒப்பந்தம் வந்துடுச்சு. நிஜமானதுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே தேடி, அதில் இருக்கும் தொலைபேசிக்கு அழையுங்கள். ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் நம்பருக்கு அல்ல. நிறுவனப் பயிற்சி ஒப்பந்தங்கள் அந்த ஊர்த் தொழில் வணிகச் சபையிலோ கைவினைஞர் சபையிலோ பதிவாக வேண்டும். நர்சிங் என்றால் எந்தப் பள்ளியில் வகுப்பு என்று ஒப்பந்தத்தோடு எழுத்தில் வர வேண்டும்; அந்தப் பள்ளியிடம் கேளுங்கள். உதவித்தொகை வருட வாரியாக எழுதியிருக்கிறதா, சோதனைக் காலம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள்.

என் தம்பி ஒப்பந்தம் வந்த அன்றே சபைக்கு நாலு வரி மின்னஞ்சல் எழுதினான், அவனுடைய அரைகுறை பி1 ஜெர்மனில். "இந்த நிறுவனம் பயிற்சி தர அனுமதி பெற்றதா?" என்று மட்டும் கேட்டிருந்தான். மூன்றாம் நாள் "ஆம்" என்று பதில் வந்தது. கீழே அந்த அதிகாரி தன் நேரடி நம்பரையும் போட்டு, வந்து சேர்ந்ததும் கூப்பிடச் சொல்லியிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா டிக்கெட்டுக்குப் பணம் எடுத்துக் கொடுத்தார்கள்.